கப்பல் கொப்பி: நாட்டின் எரிபொருள் கணக்கை வீட்டிலிருந்து பார்ப்பது எப்படி

இலங்கையிடம் எண்ணெய் வாங்க டொலர் இல்லாமற்போன வருடம், 2022. ஏப்ரல் கடைசியில் ஒரு பின்னேரம் தம்பி வந்து கேற்றைத் தட்டினான். "அக்கா, மசகெண்ணெய்க் கப்பல் கொழும்புக்கு வந்திட்டுதாம். இனி மண்ணெண்ணெய் வரும் என்ன?"

"வரும்" என்றேன்.

அவனுக்கு யாழ்ப்பாணத்து உரும்பிராயில் நாலு பரப்பு வெங்காயம் நின்றது. இறைப்பு மிசின் மண்ணெண்ணெயில் ஓடுவது. கானில் மிச்சம் இருந்தது மூன்று இறைப்புக்குக் காணும். நான் சொன்னதை நம்பி அதை ஒரேயடியாக இறைத்து முடித்தான். மண்ணெண்ணெய் வரவில்லை. அந்தக் கப்பல் காசு கட்டப்படாமல் ஒரு மாதத்துக்கும் மேலாகக் கடலிலேயே நின்றது. 90,000 தொன் சைபீரிய எண்ணெய், விலை ஏழு கோடி டொலருக்குக் கொஞ்சம் மேல். மே மாதக் கடைசியில்தான் இறக்கினார்கள். அதற்குள் வெங்காயத் தாள் நுனியிலிருந்து மஞ்சளாகி, பாத்தி விதை வெங்காயத்துக்கும் உதவாமல் போனது.

இதில் எனக்கு வெட்கம் எதற்கென்றால், நான் 27 வருடம் ஒரு வங்கியில் இறக்குமதிப் பிரிவில் இருந்தவள். கப்பல் வருவது வேறு, சரக்கு கைக்கு வருவது வேறு என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவள். வீட்டு விஷயம் என்றதும் மறந்துவிட்டேன். அன்று தொடங்கியதுதான் இந்தக் கொப்பி. 80 பக்க சீஆர் கொப்பி, இப்போது மூன்றாவது ஓடுகிறது. எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன்.

முதலில் நிரைகள்

ஒரு பக்கத்தைக் குறுக்காகத் திருப்பி ஆறு நிரை கீறுங்கள்: திகதி, சொன்னவர், சொன்ன அளவு, அது எத்தனை நாளுக்கு, அடுத்த கப்பல் எப்போது, அதற்குக் காசு கட்டியாயிற்றா. கடைசி நிரைதான் முக்கியம். பெரும்பாலும் அது வெறுமையாகத்தான் இருக்கும். வெறுமையாக இருந்தால் கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறிகள் அடுத்தடுத்து நாலு விழுந்தால் கானை எடுத்து வையுங்கள்.

"சொன்னவர்" என்ற நிரை எதற்கு என்று கேட்பார்கள். ஒரே நாளில் அமைச்சர் ஒரு அளவும், பெற்றோலியக் கூட்டுத்தாபனத் தொழிற்சங்கம் ஒரு அளவும், பத்திரிகை இன்னொன்றும் சொல்லும். ஆறு மாதம் எழுதிப் பாருங்கள், யாருடைய சொல் எவ்வளவு பெறும் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

தொன்னை நாளாக மாற்றுவது

செய்தியில் தொன் என்று சொல்வார்கள், எண்ணெய் அடிக்கும் செட்டில் லீற்றர், உலகச் சந்தையில் பீப்பாய். மூன்றையும் ஒன்றாக்காமல் எதுவும் விளங்காது. என் கொப்பியின் உள்மட்டையில் ஒட்டியிருப்பது இதுதான்: பெற்றோல் ஒரு தொன் என்றால் ஏறத்தாழ 1,350 லீற்றர். டீசல் 1,190. மண்ணெண்ணெய் 1,250. ஒரு பீப்பாய் 159 லீற்றர். கணக்கு வசதிக்காக முழுமைப்படுத்திய எண்கள், வீட்டுக் கணக்குக்கு இது போதும்.

அடுத்தது ஒரு நாள் தேவை. சாதாரண காலத்தில் இலங்கைக்கு நாளொன்றுக்கு டீசல் சுமார் 5,000 தொன், பெற்றோல் சுமார் 3,500 தொன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை இல்லாமல் மின்சாரத்துக்கும் எண்ணெய் எரிக்கும் மாதங்களில் டீசல் இன்னும் ஏறும்.

இப்போது 2022 ஜூன் 26 ஆம் திகதிப் பக்கத்தைப் பார்ப்போம். அன்று வலுசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர சொன்ன இருப்பு, டீசல் 9,000 தொன், பெற்றோல் 6,000 தொன். கேட்பவருக்கு ஒன்பதாயிரம் தொன் பெரிய மலைபோல் இருக்கும். வகுத்துப் பாருங்கள். இரண்டும் இரண்டு நாளுக்குக் கிட்ட. அதிலும் தாங்கியின் அடியில் கிடப்பதைப் பம்ப் இழுக்காது, அதைக் கழிக்க வேண்டும். மறுநாள் அமைச்சரவை முடிவு வந்தது: ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய். சனம் திகைத்தது. வகுத்துப் பார்த்தவர்களுக்கு அதில் திகைக்க ஒன்றும் இருக்கவில்லை.

இதே வகுத்தலை உங்கள் ஊர்ச் செட்டுக்கும் செய்யலாம். ஒரு பவுசரில் 13,200 லீற்றர் வருகிறது என்று வையுங்கள். கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டில் எண்ணெய் வாங்கிய காலத்தின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். ஆக 3,300 மோட்டார் சைக்கிள். இரண்டு பம்பில், ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் இருபத்தேழு மணித்தியாலம். வரிசை ஏன் சந்தி தாண்டிப் போனது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. நான் நின்ற வரிசையில் எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, நாலால் பெருக்கி, பவுசர் அளவோடு ஒப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிய நாளும் உண்டு. பின்னால் நின்ற அண்ணை "மிஸ், இடத்தை விடுறீங்களோ?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அவர் அடுத்த நாள் விடியும்வரை நின்று வெறுங்கையோடு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கப்பல் "வந்தது" என்றால் என்ன

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகவேண்டும். என் வேலை இதுதான், அதனால் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எண்ணெய்க் கப்பலுக்கு இத்தனை படி இருக்கிறது. கேள்விப்பத்திரம் கோருவது. வழங்குநரைத் தெரிவு செய்வது. இங்குள்ள வங்கி எல்சி, அதாவது நாணயக் கடிதம் திறப்பது. வெளிநாட்டு வங்கி ஒன்று அதை உறுதிப்படுத்துவது. கப்பல் புறப்படுவது. கொழும்புக்கு வெளியே நங்கூரம் இடுவது. மாதிரி எடுத்துத் தரம் பார்ப்பது. காசு போய்ச் சேர்வது. இறக்குவது. கொலன்னாவை அல்லது முத்துராஜவெலத் தாங்கிக்குப் போவது. அங்கிருந்து ரயிலிலும் பவுசரிலும் மாகாணங்களுக்கு வருவது. "கப்பல் வந்தது" என்ற செய்தி இதில் நடுவில் ஓரிடத்தில் வருகிறது. அதற்குப் பிறகுதான் கஷ்டமான படிகள்.

எல்சி என்பது என்ன? வாங்குபவரை விற்பவர் நம்பமாட்டார், அவருடைய வங்கியை நம்புவார். "சரக்குப் பத்திரங்கள் சரியாக வந்தால் காசு நான் தருவேன்" என்று வங்கி எழுதிக் கொடுக்கும் வாக்கு அது. நாட்டின் நிலைமை மோசமானால் இங்குள்ள வங்கியின் வாக்கையும் விற்பவர் நம்பமாட்டார். சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒரு வங்கி "இவர் தராவிட்டால் நான் தருவேன்" என்று மேலே ஒரு கையெழுத்துப் போடவேண்டும். அதுதான் உறுதிப்படுத்தல். 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகு அந்த இரண்டாம் கையெழுத்து கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. விற்பவர்கள் முற்பணம் கேட்டார்கள்.

இதற்கு ஒரு உதாரணத்தை மறக்கக்கூடாது. அந்த வருடம் மே மாதம் அமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார்: பெற்றோல் கப்பல் ஒன்று மார்ச் 28 இலிருந்து நம் கடலில் நிற்கிறது, கட்டக் காசில்லை. அது மட்டுமில்லை, அதே கம்பனிக்கு ஜனவரியில் வந்த சரக்குக்கு 5 கோடி 30 இலட்சம் டொலர் பாக்கி. இரண்டையும் தீர்த்தால்தான் விடுவார்கள். கரையில் ஏறி நின்றால் கப்பலின் விளக்கு தெரியும் தூரம். ஆனால் அது நம்முடைய பெற்றோல் இல்லை. நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் டொலரில் ஏறிக்கொண்டே இருக்கும், அதுவும் கடைசியில் நம் தலையில்தான்.

ஆகவே கொப்பியில் "வந்தது" என்று எழுதாதீர்கள். "நிற்கிறது", "காசு போனது", "இறக்குகிறார்கள்" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். இறக்கத் தொடங்கியது முதல் யாழ்ப்பாணத்துச் செட்டுக்கு வர நாலைந்து நாள் பிடிக்கும் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். கடல் கொந்தளித்தால் அதற்கு மேலும். முத்துராஜவெலவுக்கு எண்ணெய் போவது கடலில் மிதக்கும் மிதவையோடு கப்பலைக் கட்டிக் குழாய் வழியாக. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது நினைத்தபடி நடக்காது.

டொலர்ப் பக்கம்

மத்திய வங்கி மாதா மாதம் அந்நியச் செலாவணி இருப்பை வெளியிடுகிறது. அதைக் கொப்பியில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: மொத்த இருப்பு என்பது செலவழிக்கக்கூடிய இருப்பு இல்லை. 2022 இல் மொத்தத்தில் சீன மத்திய வங்கியின் நாணய மாற்று ஏற்பாடும் சேர்ந்திருந்தது, சுமார் 150 கோடி டொலர் அளவு. நிபந்தனை காரணமாக அதைத் தொடமுடியாது. மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சராயிருந்த அலி சப்ரி, பயன்படுத்தக்கூடியது 5 கோடி டொலர்கூட இல்லை என்றார்.

அப்போதைய விலையில் 40,000 தொன் டீசல் ஒரு கப்பல் நாலரை முதல் ஐந்து கோடி டொலர். ஒரு கப்பல் டீசல் எட்டு நாளுக்கு. ஆக நாட்டின் பெட்டியில் இருந்தது எட்டு நாள் டீசல் வாங்கும் காசு, அதிலும் மருந்து, மா, காஸ் எல்லாம் பங்கு கேட்டு நின்றன. இந்தியா பெப்ரவரியில் எரிபொருளுக்கென்று 50 கோடி டொலர் கடன் வசதி தந்தது. பத்துக் கப்பலுக்குக் கிட்ட. செய்தியில் கோடிக்கணக்கில் கடன் என்று கேட்டதும் மனம் நிறையும். கப்பலாகவும் நாளாகவும் மாற்றினால் மூன்று மாதமும் இல்லை என்று தெரியும்.

சப்புகஸ்கந்தயை ஏன் தனியாகப் பார்க்கவேண்டும்

பெற்றோலும் டீசலும் பெரும்பகுதி சுத்திகரித்தே வருகிறது. மண்ணெண்ணெய் அப்படியில்லை. அதற்கு நாம் பெரிதும் நம்பியிருப்பது சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம். 1969 இல் தொடங்கியது, நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் கொள்ளளவு. விமான எண்ணெயும், மின்நிலையங்களுக்கு உலை எண்ணெயும் அங்கிருந்துதான். 2021 நவம்பரில் மசகெண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் அதை மூடினார்கள். அந்தச் செய்தி பத்திரிகையில் உள்பக்கத்தில் வந்தது, நானும் புரட்டிவிட்டுப் போனேன். அதுதான் முதல் மணி. மூன்று நாலு மாதத்தில் மயிலிட்டியில் படகு ஓடவில்லை, உரும்பிராயில் மிசின் ஓடவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குறிப்பு. இந்த இறைப்பு மிசினைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். ஒரு சின்னச் சோடாப் போத்தல் பெற்றோல் இல்லாவிட்டால் நாற்பது லீற்றர் மண்ணெண்ணெய் இருந்தும் பிரயோசனம் இல்லை. தம்பி தன் மோட்டார் சைக்கிளின் நாலு லீற்றரில் அரை லீற்றரை ரியூப் வைத்து உறிஞ்சி எடுத்துத்தான் அந்த வருடம் மிச்சப் பயிரைக் காப்பாற்றினான். அப்போது கானில் பெற்றோல் தரமாட்டார்கள், கமநல சேவை நிலையக் கடிதம் வேண்டும், கடிதம் கிடைத்த நாளில் செட்டில் பெற்றோல் இல்லை. திட்டம் போடுகிறவர்கள் ஒவ்வொரு எரிபொருளையும் தனித்தனி அட்டவணையில் எழுதுகிறார்கள். தோட்டத்தில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. உங்கள் வீட்டில் எது எதைப் பிடித்திருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மானிய விலையில் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 340 ஆனதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எண்ணெய் கிடைக்கத் தொடங்கியபோது விலை நாலு மடங்கு.

நிலக்கரிக்கு ஒரு பஞ்சாங்கம்

நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 900 மெகாவாற். அங்கே கப்பல் கரைக்கு வராது, கடலில் நின்று பார்ஜ்களில் இறக்கவேண்டும். ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை கடல் விடாது. அந்த மாதங்களுக்கு வேண்டியதையும் ஏப்ரலுக்குள் இறக்கிக் குவித்துவிடவேண்டும். வருடத்துக்கு 22 இலட்சம் தொன்னுக்கு மேல் தேவை, ஒரு கப்பலில் 60,000 தொன். அதாவது ஏழு மாதத்துக்குள் முப்பத்தேழு, முப்பத்தெட்டுக் கப்பல். மூன்று இயந்திரமும் முழுதாக ஓடினால் ஒரு கப்பல் நிலக்கரி ஒரு கிழமைக்குத்தான்.

ஆகவே நிலக்கரிக்குப் பார்க்கவேண்டிய திகதி இரண்டு. செப்டெம்பரில், கேள்விப்பத்திரம் முடிந்து முதல் கப்பலுக்கு நாள் குறித்தாயிற்றா? ஏப்ரலில், எத்தனை கப்பல் இறங்கியது? இடையில் வரும் அறிக்கைகளை நான் வாசிப்பதில்லை. அரசியல் சண்டையெல்லாம் அந்த இடையில்தான் நடக்கும், அது உங்களுக்கு வேண்டுமென்றால் வாசியுங்கள்.

குளத்து மட்டம்

காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, சமனலவெவ. மின்சார நீர்த்தேக்கங்களின் மட்டம் நாளாந்தம் வெளிவருகிறது. ஜனவரி நடுப்பகுதியில் பாருங்கள். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை வரட்சி, தண்ணி குறைந்தால் அந்த இடத்தை எண்ணெய்தான் நிரப்பவேண்டும். 2022 இல் தண்ணியும் இல்லை, எண்ணெயும் இல்லை என்று இரண்டும் ஒரே மாதத்தில் சேர்ந்தன. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. வடக்கில் பல வருடம் கரண்டே இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள், மேசை விளக்கைப் பரணில் இருந்து எடுத்துத் துடைத்தோம். திரிக்கு ஊற்ற மண்ணெண்ணெய் இல்லை என்பதுதான் புதுசு.

இருபது வருடத் திட்டத்தை வாசிப்பது

இதுவரை சொன்னது இந்த மாதத்துக்கு. பிள்ளைகளின் காலத்துக்கு என்ன என்று கேட்டால், மின்சார சபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தயாரித்து வந்த நீண்டகால மின்னுற்பத்தி விரிவாக்கத் திட்டத்தை எடுங்கள். இருபது வருடத்துக்கு எந்த ஆண்டில் எந்த நிலையம் என்று அட்டவணை இருக்கும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதற்கு அனுமதி தரவேண்டும். (2024 இல் வந்த மின்சாரச் சட்டம் சபையையே பல கம்பனிகளாகப் பிரிக்கச் சொல்கிறது. யார் தயாரித்தாலும் வாசிக்கும் விதம் ஒன்றுதான்.)

முன்னுரையை விட்டுவிடுங்கள். பழைய திட்டம் ஒன்றையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நிலையத்தின் பெயர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்கு நகர்ந்திருக்கிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். நகராத பெயர் அபூர்வம்.

நான் கோடு போட்டதில் மறக்கமுடியாதது திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர். இந்திய அரச மின் நிறுவனமான என்டிபிசியும் மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாற் அனல்மின் நிலையம் கட்டுவதாக இருந்தது. 2006 இல் புரிந்துணர்வு, அதே வருடம் யுத்தத்தில் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்தது. 2013 இல் ஒப்பந்தம். 2016 இல் நிலக்கரி வேண்டாம் என்று கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல். நிலக்கரியை விட்டது நல்லதுதான், மூச்சு விடுகிற எவரும் அதைக் குறை சொல்லமாட்டார்கள். என் குறை வேறு. விட்டதும் அந்த ஓட்டையை எதால் அடைப்பது என்ற கேள்வி நின்றது.

கணக்கைப் பாருங்கள். மெகாவாற் என்பது இயந்திரத்தின் பருமன் மட்டும். அதை ஒரு நாளில் ஓடும் மணித்தியாலத்தால் பெருக்கினால்தான் அலகு (ஒரு மெகாவாற் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஆயிரம் அலகு). அனல்மின் நிலையத்துக்கு 19 மணித்தியாலம் போடுங்கள், காற்றுக்கு மன்னாரில் வருடச் சராசரி 8 முதல் 10, வெயிலுக்கு 5. சம்பூர் அனல் நிலையம் நாளுக்கு 95 இலட்சம் அலகு தந்திருக்கும். அப்போது நாட்டின் ஒரு நாள் தேவை 4 கோடி அலகுக்குக் கிட்ட, ஆக அதில் ஏறத்தாழ நாலில் ஒன்று. அவ்வளவையும் எண்ணெயில் எடுத்தால் நாளுக்கு 2,000 தொன் எரியும். 120 மெகாவாற் வெயில் நிலையம் தருவது 6 இலட்சம் அலகு. இரண்டையும் "சம்பூர் மின் திட்டம்" என்றே பத்திரிகை எழுதுகிறது.

2030 இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க வலுசக்தி என்ற இலக்கையும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கவேண்டும். மன்னாரில் தம்பபவனி காற்றாலைப் பண்ணை நிற்கிறது, 103.5 மெகாவாற். அதற்குப் பக்கத்தில் பூநகரிவரை அதானி கம்பனி போட இருந்த பெரிய காற்றாலைத் திட்டம் விலைப் பிரச்சினையில் சிக்கி, 2025 பெப்ரவரியில் கம்பனியே விலகிக்கொண்டது. மன்னார்த் தீவுச் சனம் இனிமேலும் காற்றாலை வேண்டாம் என்று தெருவில் இறங்கியது. பறவை, வெள்ளம், நிலம் என்று அவர்கள் சொல்லும் காரணங்களைத் திட்ட ஆவணத்தில் தேடினேன், ஒரு பந்தியில் முடித்திருந்தார்கள். அந்த ஒரு பந்தி இருந்தாலே திட்டம் பிந்தும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வெயில் மின்சாரத்தைப் பற்றி இன்னொன்று. மத்தியானத்தில் வருவதை இரவுக்கு வைக்க மின்கலமோ, தண்ணியை மேலே ஏற்றி வைக்கும் நிலையமோ வேண்டும். அது வருவதற்கு முன் கூரையெல்லாம் தகடு பூட்டினோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்க இருண்டது. எல்லோரும் குரங்கைப் பார்த்துச் சிரித்தார்கள். ஞாயிறு மத்தியானம் பாவனை குறைவு, வெயில் கூட, சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு, அதனால் சின்ன அடியையும் தாங்கமுடியவில்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தகடுகளைப் பின்னேரம் மூன்று மணிவரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன்பட்டுத் தகடு பூட்டிய பக்கத்து வீட்டு ரீச்சர் எங்கள் படலையில் நின்று, "மூன்று வருசத்துக்கு முன்னம் கரண்ட் இல்லை எண்டினம், இப்ப கூடிப்போச்சு எண்டினம்" என்றா. புதிய திட்டத்தை வாசிக்கும்போது தகட்டு மெகாவாற்றுக்குப் பக்கத்தில் மின்கல மெகாவாற் எத்தனை என்று பாருங்கள். ஒன்று ஓடி மற்றது நடந்தால் ரீச்சரின் கதைதான்.

திருகோணமலைத் தாங்கிகள் பற்றி

எரிபொருள் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் "எங்களிட்ட திருகோணமலையில தொண்ணூற்றொன்பது தாங்கி இருக்கு" என்பார். இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், 1930களில் கட்டியவை, ஒன்று ஏறத்தாழ 10,000 தொன் பிடிக்கும். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயில் கம்பனிக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். தாங்கி நிறைய எண்ணெய் வைத்திருக்கிற நாடு விலை விழும்போது வாங்கி வைக்கலாம். 2020 ஏப்ரல், மே மாதங்களில் உலக விலை பாதாளத்துக்குப் போனபோது இந்தியா விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் பாறைக் குகைகளை நிரப்பியது. வாங்கக் கையில் காசு இருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான அதே 2022 ஜனவரியில் நாங்கள் இறக்கிய பெற்றோலுக்குத்தான் மேலே சொன்ன பாக்கி. தாங்கியைப் பற்றி யாராவது பேசினால் அதை நிரப்பும் காசு எங்கே என்று கேளுங்கள்.

விலை மாற்றம்

மாத முடிவில் இரவு அறிவிப்பார்கள். சிங்கப்பூர்ச் சந்தை விலையும் டொலர் பெறுமதியும் ஏறினால் ஏறும். இதற்காக மாதக் கடைசியில் வரிசையில் நிற்பது வீண். பத்து ரூபா ஏறினாலும் மோட்டார் சைக்கிள் தாங்கிக்கு நூறு ரூபா அளவுதான், ஒரு மணித்தியாலம் வெயிலில் நிற்பதற்கு அது கூலி இல்லை.

வீட்டில்

பெற்றோலைக் கானில் வாங்கி அறைக்குள் வைக்காதீர்கள். 2022 இல் அப்படி வைத்து எரிந்த வீடுகள் உண்டு. மண்ணெண்ணெய், விறகு, ஒரு மேலதிக காஸ் சிலிண்டர், இவ்வளவும் போதும். உங்கள் வீட்டு ஒரு நாள் தேவையையும் கொப்பியில் எழுதுங்கள், நாட்டுக்குப் போட்ட அதே வகுத்தல்தான். என் கணக்கில் முப்பது நாளுக்குக் கீழே போனால் வாங்குவேன், செய்தி நல்லதோ கெட்டதோ.

தம்பி 2023 இல் கிணற்றடிக்குக் கரண்ட் மோட்டர் போட்டான். "இனி உங்கட கொப்பி எனக்குத் தேவையில்லை அக்கா" என்றான். மோட்டர் ஓடும் கரண்ட் எதிலிருந்து வருகிறது என்று சொல்லி, கொத்மலை மட்டத்துக்கும் நுரைச்சோலைக் கப்பலுக்கும் அவன் பெயரில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தேன். போன கிழமை போனபோது பார்த்தேன், பழைய மண்ணெண்ணெய் மிசின் தாவாரத்தில் உரச்சாக்கு மூடி நிற்கிறது. பக்கத்தில் அரைச் சோடாப் போத்தல் பெற்றோல், மூடியில் திகதி எழுதி ஒட்டியிருந்தான்.